புதிய வசதி வந்திருக்கிறது, லயத்துக்கு வந்ததா?



கொஞ்சக் காலமாகவே அரச அலுவலகங்களிலிருந்து 'புதிய வசதி' என்ற அறிவிப்புகள் அடிக்கடி வருகின்றன. ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை இணையத்தில் பார்க்கலாம், கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியிலும் கேட்டறியலாம், அலைய வேண்டியதில்லை என்கிறார்கள். நல்ல காரியம். சங்கம் இதை வரவேற்கிறது. ஒரு நாள் பேரை இழந்து, பஸ் ஏறி டவுனுக்குப் போய், "அடுத்த கிழமை வாங்க" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அறிவிப்பு வந்துவிட்டதால் வசதியும் வந்துவிட்டதாக நாம் எண்ணிவிடக் கூடாது. கொழுந்து எடுக்கும் ஒரு பெண் தன் கணக்கைத் தானே பார்க்க முடிகிற அன்றுதான் அந்த வசதி தோட்டத்துக்கு வந்ததாக அர்த்தம்.

இது சின்ன விசயமில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, நம் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கப்படுகிறது. நிர்வாகம் தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். மாதம் 20 முழுப்பேர் விழுந்தால் சம்பளம் 27,000 ரூபாய். நம் பங்கு 2,160, நிர்வாகத்தின் பங்கு 3,240, ஆக மொத்தம் 5,400 ரூபாய். ஒரு வருசத்துக்கு 64,800. இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் 3 சதவீதம், அதாவது மாதம் 810 ரூபாய் கட்ட வேண்டும். அதை நம் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் கைக்கு வர வேண்டிய காசு இது. பிடித்த காசு அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். போய்ச் சேர்ந்ததா என்று மாதா மாதம் பார்த்தால், குறையை அந்த மாதமே பிடித்துவிடலாம். பென்சன் வயதில்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம் என்றால், இருபது வருசத்துக்கு முந்திய செக்ரோலைத் தேடி அலைய வேண்டியதுதான். புதிய வசதியின் உண்மையான பெறுமதி இங்கேதான் இருக்கிறது.

50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்கள் சேமலாப நிதி விபரங்களைக் கணினி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே தோட்டத்து ஆபிஸில் கணினி இருக்கிறது, கொழும்பில் கணக்கு இருக்கிறது. காசுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் அது தெரிவதில்லை. இடையில் என்னதான் தடை?

முதல் தடை மொழி. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. அப்படியிருந்தும் பாடசாலை விட்ட பிறகு பெற்றோர்கள் தொலைபேசியைக் கொண்டுவந்து, "டீச்சர், இதில என்ன போட்டிருக்கு?" என்று ஆங்கிலக் குறுஞ்செய்தியை நீட்டுவது இன்றும் நடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன் தாயின் காசு விவகாரத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்று வந்தால் அதோடு காரியம் நின்றுவிடும்.

இரண்டாவது தடை பெயர். செக்ரோலில் லெட்சுமி, அடையாள அட்டையில் இலட்சுமி, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. கங்காணி சொன்னதை யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி எழுதி வைத்தது, முப்பது வருசம் கழித்து இரண்டு வெவ்வேறு ஆட்களாக நிற்கிறது. கணினிக்கு முகம் தெரியாது. எழுத்தும் இலக்கமும் ஒத்துப்போனால்தான் அது கதவைத் திறக்கும்.

மூன்றாவது தடை தொலைபேசி. பல வீடுகளில் சிம் கொழும்பில் வேலை செய்யும் மகன் பெயரில் இருக்கிறது. பதிவு செய்யும்போது கொடுக்கும் இலக்கம் அவருடையதாக இருந்தால், அம்மாவின் கணக்கு விபரமும் கொழும்புக்குத்தான் போகும். தொலைபேசி இல்லாதவர் கொமியுனிகேசன் கடைக்குப் போய் அடையாள அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வருகிறார். இது ஆபத்து.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நம்மில் பலருடைய சேமலாபக் காசு, முழுவதுமோ ஒரு பகுதியோ, ஈ.எஸ்.பி.எஸ்., சி.பி.பி.எஸ். போன்ற சங்கங்களில் இருக்கிறது. மத்திய வங்கியின் கணக்கில் அது தெரியாது. அதற்காகக் காசு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். எதில் இருக்கிறது என்று விசாரித்து, இரண்டு இலக்கங்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரிகளிடம் சங்கம் கேட்பது நான்கு. அறிவிப்பும் குறுஞ்செய்தியும் தமிழில் வர வேண்டும். மாதச் சம்பளத் துண்டில் இரு பங்குத் தொகையும் அங்கத்துவ இலக்கமும் தமிழில் அச்சிடப்பட வேண்டும். பெயர்த் திருத்தத்துக்கும் பதிவுக்கும் தோட்டப் பகுதிகளில் நடமாடும் சேவை நடத்தப்பட வேண்டும். இணையம் வந்துவிட்டது என்று சொல்லி, தமிழ் தெரிந்த ஆள் இருக்கும் மேசையை எடுத்துவிடக் கூடாது.

அதிகாரிகளிடம் கேட்பதை நாமும் செய்து காட்ட வேண்டும். ஆகவே இந்த இதழிலிருந்து நம் செய்தி மடலிலும் மூன்று புதிய அம்சங்கள் சேர்கின்றன. ஒன்று, 'உங்கள் காசு' பக்கம். சேமலாப நிதி பற்றி நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு அதில் பதில் வரும். இரண்டு, 'வாசித்துக் காட்ட' என்ற பகுதி. புதிதாக வரும் அரச அறிவிப்பு ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில், லேசான தமிழில் இருக்கும். தோட்டத் தலைவர்கள் அதைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கும் இந்த மடல் சொந்தம். மூன்று, படிவப் பக்கம். நிரப்பப்பட்ட மாதிரிப் படிவம் ஒன்று மாதந்தோறும் வரும். அதைப் பார்த்து உங்களுடையதை நீங்களே நிரப்பலாம்.

இந்த மாதம் ஒவ்வொரு அங்கத்தவரும் செய்ய வேண்டியது இது. அடையாள அட்டையையும் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்து, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தலைவரிடம் சொல்லுங்கள். அவர் பட்டியலாக எடுத்துச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புவார். பின்னுரித்தாளராக யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்றும் விசாரியுங்கள். இறந்துபோன தாய் தகப்பன் பெயர் இன்னும் இருக்கலாம். உங்கள் இரகசிய இலக்கத்தைக் கடைக்காரரிடமோ, வேறு யாரிடமோ, எங்களிடமோகூடச் சொல்லாதீர்கள்.

அரச அலுவலகம் விபரம் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம், அதைத் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. துணைக்கு வரச் சங்கம் தயார்.

அடுத்த இதழ் வருவதற்குள் ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் பெயர் வித்தியாசப் பட்டியல் நம் கைக்கு வர வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடமாடும் சேவையைக் கேட்டுத் தொழில் திணைக்களத்துக்குப் போகப்போகிறோம். பட்டியல் எவ்வளவு நீளமோ, நம் கோரிக்கைக்கும் அவ்வளவு பலம்.