வீடு விற்குமுன் உறுதியை விரித்துப் பாருங்கள்!

நெல் விற்க நம் உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பெரும்போகம் எத்தனை, சிறுபோகம் எத்தனை என்று கண்டவன் அவன். ஆனால் வீடு? வாழ்நாளில் ஒருமுறை விற்பதே அரிது. அந்த ஒரு முறையில் ஏமாந்தால் இழப்பது ஒரு போகத்தின் விளைச்சலையன்று. ஒரு தலைமுறையின் உழைப்பை! திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, கல்முனை எங்கும் இன்று வீடுகள் கைமாறுகின்றன. மகளின் கலியாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், தீராத நோய் எனக் காரணங்கள் பல. விற்பவரைப் பழித்தல் நம் நோக்கமன்று. விற்பவர் குறைவிலைக்கு விற்றுக் கைகழுவலாகாது என்பதே நம் கவலை.

நம்மவர் வீடு விற்கும் முறை யாது? வீடு விற்பதைக் குடிகெட்டதன் அடையாளமாகக் கருதி வெட்கப்படுகிறோம். ஊருக்குத் தெரியாமல் ஒரு தரகரின் காதில் ஓதுகிறோம். அவர் அழைத்து வரும் முதல் மனிதர் சொல்லும் விலைக்குத் தலையசைக்கிறோம். கேட்போர் ஒருவரே என்றால் விலையை வைப்பவர் அவரேயன்றோ? மறைத்து விற்கப்படும் பொருளுக்கு ஏற்ற விலை எந்தச் சந்தையிலும் கிடைத்ததில்லை. எனவே வெட்கத்தை முதலில் விடுங்கள். அயலவருக்கும் உறவினருக்கும் சொல்லுங்கள். பத்திரிகையில் விளம்பரம் செய்யுங்கள். வளவின் முன் பலகை நாட்டுங்கள்.

ஆயினும் வீட்டுக்குச் சிறந்த விளம்பரம் பலகையன்று, உறுதியே. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி விற்பனை மட்டுமன்று, விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமும் எழுத்தில் அமைந்து, இரு சாட்சிகள் முன்னிலையில் நொத்தாரிசினால் அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும். வாய்ப்பேச்சும் துண்டுக் கடதாசியும் நீதிமன்றில் நில்லா.

உங்கள் காணி எவ்வகையைச் சேர்ந்தது? தனியார் உறுதிக் காணியா? 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரமா, அளிப்பா? அன்றி வெறும் அடாத்தா? இரண்டாம் வகைக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன்னனுமதியின்றி விற்றால் அவ்விற்பனை செல்லாது. வாங்கியவர் பணத்தை இழப்பார். விற்றவர் வழக்கில் நிற்பார். ஆகவே அனுமதியை முதலில் பெறுக. விலையைப் பின்னர் பேசுக.

அடுத்து, வீடு யாருடையது? கீழ்க்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் உடையவர்கள். பல உறுதிகளில் உரிமையாளர் மனைவியே. விலை பேசுவது கணவர், கையொப்பமிடுவது மனைவி என்ற நிலை நீதியாகுமா? அவரைப் பேச்சின் தொடக்கத்திலேயே அமர்த்துங்கள். முதுசக் காணியில் உடன்பிறந்தார்க்குப் பங்கு உண்டெனில் அவர்களின் சம்மதத்தையும் முன்கூட்டியே தேடுங்கள். பிரிபடாத பங்கு ஒன்றை மட்டும் வாங்க முழு விலை கொடுப்பவர் எவர்?

காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்வையிட்டு, ஈடு ஏதும் நிலுவையில் இல்லை என உறுதி செய்யுங்கள். நில அளவையாளரைக் கொண்டு எல்லைகளை அளந்து வரைபடம் பெறுங்கள். பிரதேச சபை வரி நிலுவையின்றிப் பற்றுச்சீட்டுகளை ஒழுங்காக வையுங்கள். இவை யாவும் ஒரே கோவையில் இருந்தால் வாங்க வருபவர் தயங்க இடமில்லை. விலையைக் குறைக்கச் சாட்டும் இல்லை.

விலையை எவ்வாறு வகுப்பது? அதே தெருவில் அண்மையில் விற்ற காணிகளின் பேர்ச் விலையைப் பலரிடம் விசாரியுங்கள். நிலம், கட்டடம், கிணறு, தென்னை எனத் தனித்தனியே கணக்கிடுங்கள். மாரி வெள்ளத்தில் முற்றம் சேறாகக் கிடக்கும் நாளில் வீட்டைக் காட்டாதீர்கள். பெரும்போக அறுவடை முடிந்து ஊரில் பணம் புழங்கும் காலம் ஏற்றது. சுவருக்கு வெள்ளை பூசுங்கள். ஆனால் வெடிப்பை மறைக்கப் பூசாதீர்கள்.

உண்மையை மறைப்பவன் பின்னர் வருந்துவான். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் எடுத்த கரை நம் கரை. கடலிலிருந்து முந்நூறு மீற்றருக்குட்பட்ட நிலம் 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் வலயத்துள் அடங்கும். அங்கே புதிதாகக் கட்ட அனுமதி வேண்டும். இதை வாங்குபவரிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, விற்றவரே உரித்துக்குப் பொறுப்பாளி.

வெளிநாட்டு உறவினர் வாங்குவார் என்று காத்திருப்போர் ஒன்றை அறிக. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இலங்கைக் குடியுரிமையை இழந்து, இரட்டைக் குடியுரிமையும் பெறாதவருக்கு விற்பனை உறுதி எழுத முடியாது.

முற்பணம் வாங்கும் நாளில் மூல உறுதியைக் கையளிக்காதீர்கள், பிரதி போதும். வெற்றுத் தாளில் ஒப்பமிடாதீர்கள். பணம் வங்கி வழியே வரட்டும். உறுதியில் மெய்யான விலையே இருக்கட்டும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் மூலதன ஆதாயத்துக்கு வரி விதிக்கிறது. எனினும் மூன்றாண்டு உடைமையாயிருந்து, அவற்றுள் ஈராண்டேனும் தாம் குடியிருந்த முதன்மை வதிவிடத்தை விற்பவருக்கு விலக்கு உண்டு. இதை அறியாமல் விலையைக் குறைத்து எழுதி, பின்னர் தாமே போட்ட கையொப்பத்தால் கட்டுண்டு கிடப்பது அறிவுடைமையாகுமா?

ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, சட்டம் பயின்றோரே! உங்கள் ஊரில் உறுதியை வாசிக்கத் தெரியாத ஒரு தாய் வீடு விற்கப் போகிறாள் எனில், அவளருகே ஒரு மணி நேரம் அமருங்கள். உறுதியின் ஒவ்வொரு வரியையும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். பணம் எண்ணுமுன் அது நடக்க வேண்டும். எண்ணிய பின் படித்துப் பயனில்லை.