பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் மூளை உண்டு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. பள்ளிக்கூட நேரத்தில் விக்கிரவாண்டியிலோ முண்டியம்பாக்கத்திலோ சாலையோரம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வண்டி ஓட்டும் அப்பாவின் தலையில் கவசம் இருக்கும்; சில நாள் அதுவும் பெட்ரோல் டாங்கின் மேல் சவாரி செய்யும். பின்னால் புத்தகப் பையுடன் இருக்கும் மாணவரின் தலையிலோ எண்ணெய் தடவி வாரிய முடி மட்டுமே. அந்த மாணவர் நீங்களாகவும் இருக்கலாம்.

தலைக்கவசம் போலீஸ்காரருக்காக அணியும் பொருள் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. அது தவறு என்பதை விளக்கச் சட்டப் புத்தகம் வேண்டாம். உயிரியல் புத்தகமே போதும்.

வளர்ந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1,400 கிராம் எடை உள்ளது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. தொட்டால் குழையும் அளவுக்கு மென்மையானது. அதனால்தான் இயற்கை அதை மூன்று உறைகளால் போர்த்தி, திரவத்தில் மிதக்கவிட்டு, மண்டையோட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. மிதப்பதால் 1,400 கிராம் மூளை அங்கே 50 கிராம் அளவுக்கே கனக்கிறது. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

ஆனால் இந்த ஏற்பாடு நடக்கவும் ஓடவும் மரத்திலிருந்து இறங்கவும் வாழ்ந்த மனிதனுக்காக அமைந்தது. மோட்டார் சைக்கிளுக்காக அல்ல. வண்டி சறுக்கித் தலை தார்ச்சாலையில் மோதும்போது மண்டையோடு நின்றுவிடுகிறது. உள்ளே மிதக்கும் மூளை நிற்பதில்லை. பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? அதே நிலைமம்தான். பிடரியில் அடிபட்டவருக்கு, எதிர்ப்பக்கமான நெற்றிப் பகுதி மூளை எலும்பில் மோதி நசுங்குவது இதனால்தான்.

நெற்றிப் பகுதி என்றால் சாதாரணமா? திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, முடிவெடுப்பது எல்லாம் அங்கேதான். அது கெட்டால் உயிர் பிழைத்தும் 'இவன் பழைய பிள்ளை இல்லையே' என்று தாய் கலங்கும் நிலை வரலாம். பிடரிப் பகுதி பார்வைக்கு. காதுக்கு உள்ளே இருக்கும் பொட்டுப் பகுதி கேட்பதற்கும் நினைவுக்கும். சிறுமூளை கெட்டால் நேராக நடக்க முடியாது. அடியில் உள்ள முகுளம்தான் மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்துகிறது.

1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதன்பின் இத்துறை வெகுதூரம் வந்துவிட்டது. மூளைக்கு வெளியே உறைந்த இரத்தத்தை அகற்றிவிடலாம். ஆனால் அறுந்த நரம்பு இழைகளை மறுபடி பின்னித் தர இன்றும் எவராலும் இயலாது.

'ஊருக்குள்தானே, மெதுவாகத்தானே போகிறோம்' என்பார்கள். கணக்குப் போடுங்கள். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் பெறும். நின்ற வண்டியிலிருந்து விழுந்தாலே இந்தக் கதி. 40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, 6 மீட்டருக்கும் மேலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது இரண்டு மாடி உயரம். வெறுந்தலை சில மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி அந்தத் தூரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் நீட்டுகிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால் விசை பத்தில் ஒன்றாகும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கவசம் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் மரண அபாயத்தை 42 சதவீதமும் குறைப்பது தெரியவந்தது. தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் கவசம் முதலில் பறந்துவிடும். தலை பிறகு தனியே மோதும்.

வெயிலில் வியர்க்கிறது என்ற குறையை நான் மறுக்கவில்லை. விழுப்புரத்துச் சித்திரை வெயில் தெரிந்தவர்கள் மறுக்கவும் மாட்டார்கள். வியர்வை துடைத்தால் போய்விடும். சட்டமும், நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், பின்னால் அமர்பவர் உட்பட, கவசம் அணிய வேண்டும் என்றே சொல்கிறது. ஆகவே அப்பாவிடம் இரண்டாவது கவசம் கேளுங்கள், உங்கள் தலைக்குப் பொருந்தும் அளவில்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விபத்து நடந்த இடத்தில் முதலில் எழும் குரல், "சோடா கொண்டு வாங்க!" என்பதுதான். விழுங்குவதையும் இருமுவதையும் நடத்துவது முகுளம். நினைவிழந்தவர் வாயில் ஊற்றும் சோடா மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். விழுந்தவர் தானே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு 'ஒன்றுமில்லை' என்று சிரித்தாலும் நம்பிவிடாதீர்கள். பொட்டருகே எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் இரத்தம் மெல்லத் தேங்கி, சில மணி நேரம் கழித்தே மூளையை அழுத்தத் தொடங்கும். அப்போது வரும் தலைவலியையும் வாந்தியையும் தூக்கத்தையும் 'அலுப்பு' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

2021 டிசம்பரில், இதே நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள மேல்மருவத்தூரில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. எனவே செலவுக்கு அஞ்சித் தயங்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தார், வாந்தி எடுத்தாரா என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.