தூணுக்குப் பின்னால்

மேலூர்ச் சாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து சென்றவர்கள் கண்டிருப்பர். அருகிலுள்ள பனைகள் விரைந்து பின்னோக்கி ஓடும். யானைமலையோ நெடுந்தொலைவு நம்முடனேயே வரும். இதனை இயற்பியல் பாடநூல்கள் 'இடமாறு தோற்றப்பிழை' என்கின்றன. கண்ணுக்கு ஆழத்தைக் காட்டித் தரும் ஒன்றைப் பிழை என்று அழைத்த கலைச்சொல்லாளர் மீது நமக்குச் சற்றே வருத்தமுண்டு.

அசையாப் புகைப்படத்தில் இத்தோற்றத்தைச் செயற்கையாக உண்டாக்குவது இன்று ஆவணப்படங்களில் பெருவழக்கு. தூணையும் மனிதரையும் தனித்தனி அடுக்குகளாக வெட்டியெடுத்து, கணினியில் முன்பின்னாக நிறுத்தி, இல்லாத காமிரா ஒன்றை மெல்ல நகர்த்துவார்கள். 2002-இல் வந்த 'தி கிட் ஸ்டேஸ் இன் த பிக்சர்' என்னும் ஆவணப்படத்திற்குப் பின் இவ்வுத்தி பரவியது. அண்மையில் நம் மாணவர் சிலர் மதுரை பற்றிய குறும்படத்தில் இதனைக் கையாண்டனர். மூலம், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் எடுத்த திருமலை நாயக்கர் மகால் படங்கள்.

திரையில் தூண் விலகியது. பின்னால் சுவர் தெரிந்தது. நாமும் மெய்ம்மறந்துதான் பார்த்தோம். பிறகே உறைத்தது: அச்சுவரில் ஒரு விரிசலும் இல்லை. கேட்டபோது, சென்ற மாதம் செல்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பியதாக மாணவர் சொன்னார். டிரைப் கண்ட மகால் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால்தான் அது செப்பனிடப்பட்டது. ஆக, டிரைப் காண வாய்ப்பே இல்லாத ஒரு சுவர் அவர் படத்துக்குள் புகுந்துவிட்டது.

"டிரைப்பே தம் நெகடிவ்களில் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தவர்தானே, ஐயா?" என்று மாணவர் மடக்கினார். உண்மைதான். ஆனால் மேகத்தைச் சான்றாகக் கொள்வார் யாருமிலர், சுவர் அப்படியன்று. நாளை ஒருவர் அக்காட்சியை நிறுத்தி, 1858-இல் மகால் இப்படித்தான் இருந்தது என்று எழுதக்கூடும்.

இலக்கியம் பயின்ற நமக்கு இவ்விடத்தில் உ.வே.சா.வே நினைவுக்கு வருகிறார். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் சிதைந்த இடங்களைச் சிதைந்தனவாகவே காட்டினார். தாமே பாடி நிரப்பவில்லை. அவரால் இயலாததா அது? இன்றைய மென்பொருளோ, யாரும் கேளாமலே நிரப்பித் தருகிறது. எதை நிரப்பியது என்றும் சொல்வதில்லை.

உத்தியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. டிரைப் திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் இரட்டைப் படங்களும் எடுத்திருக்கிறார். இரு கோணங்களில் பதிந்த அவற்றில், தூணின் ஓரத்தே மறைவது சிறிதளவேனும் மெய்யாகவே பதிவாகியிருக்கும். ஒற்றைப் படத்தில் அது இல்லை. அங்கே காமிராவைச் சிறிதே நகர்த்தலாம். வெளிப்படும் இடத்தை வெறும் சாம்பல் நிறமாக விட்டுவிடலாம்.

மாணவர் இரண்டாவதையே செய்தார். ஏறத்தாழ இரண்டு விநாடி, தூணை ஒட்டி ஒரு சாம்பல் கீற்று. திரையிடலில் பக்கத்து இருக்கைக்காரர், படத்தில் ஏதோ கோளாறு என்று நம்மிடம் சொன்னார்.