குழந்தை இதய மருத்துவம் பயில இடம் தேடுவோர் கேட்க மறந்த கேள்வி

குழந்தைகள் மருத்துவத்தில் எம்.டி. முடித்து, குழந்தை இதய மருத்துவத்தில் டி.எம். அல்லது ஃபெலோஷிப் பயில இடம் தேடும் இளம் மருத்துவர்கள், மூத்தோரிடம் முதலில் கேட்பது ஒன்றே: “அங்கே ஆண்டுக்கு எத்தனை கேத்?” 2017 முதல் நீட் எஸ்.எஸ். தரவரிசைப்படி டி.எம். இடங்கள் பங்கிடப்படுகின்றன. கலந்தாய்வில் எதை முதலில் குறிப்பது என்ற பதற்றத்தில், இந்த எண்ணே ஒரு துறையின் தகுதியை அளக்கும் ஒற்றைக் கோலாகிவிட்டது. மூத்தோரும் அதைத் திருத்துவதில்லை. இக்கோல் பிழையானது, அப்பிழையின் விலையைக் கொடுப்பவர் பயில்பவர் அல்லர், பிறந்த குழந்தை.

கொச்சி மட்டாஞ்சேரியில் மகளிர்க்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை ஒன்று உண்டு. அத்தகையதோர் இடத்தில், பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிய குழந்தை ஒன்று பிறப்பதாகக் கொள்க. கருவில் திறந்திருந்த நாளம் மூடிக்கொள்ளும் வரையிலான சில நாள்களே அதற்குள்ள அவகாசம். பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை ஐயுறவும், எக்கோவில் குறையை இனங்காணவும் ஒருவர் வேண்டும். புரோஸ்டாகிளாண்டினைத் தொடங்கி, அம்மருந்தாலேயே மூச்சு நின்றுவிடாதபடி காத்து, தோப்பும்படிப் பாலம் கடந்து குழந்தையை எர்ணாகுளத்தில் சேர்க்கவும் ஒருவர் வேண்டும். முதற்சில வாரங்களுக்குள் தமனிகளை மாற்றிப் பொருத்தும் அறுவை நடந்தாக வேண்டும். இடையில் இதய மேலறைச் சுவரைப் பலூனால் திறக்கும் கையும் தேவைப்படலாம். அதுவும் இன்று பல இடங்களில் எக்கோவின் துணையுடன் படுக்கையருகிலேயே செய்யப்படுகிறது. கேத் அறையின் எண்ணிக்கை இச்சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டுமே அளக்கிறது.

கேரள அரசு 2017இல் தொடங்கிய ‘ஹிருதயம்’ திட்டம் இவ்வுண்மையின் மீது எழுந்தது. பிறவி இதயக் குறை கண்ட குழந்தை இணையத்தில் பதிவு செய்யப்படுகிறது; வல்லுநர்கள் அவசரத்தின் அளவைப் பிரித்தறிந்து, அரசு அல்லது தனியார் மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். கொச்சியில் 1998இல் தொடங்கிய அமிர்தா மருத்துவமனையும் இவ்வகையில் எடுத்துக்காட்டாகும். பிறவி இதய அறுவைகளின் விளைவுகளைப் பிற நாட்டு மருத்துவமனைகளோடு ஒப்பிடும் பன்னாட்டுக் கூட்டு முயற்சியில் அது பங்கேற்று, அதனால் நேர்ந்த மாற்றத்தை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டது. தன் விளைவுகளைத் தானே எண்ணி வெளியில் வைக்கும் இடத்தில் பயில்பவர், கைத்திறனோடு பொறுப்பையும் கற்கிறார்.

எண்ணிக்கை இன்றிக் கை பழகாது என்பர். உண்மைதான், ஆண்டுக்குச் சில நோயாளிகளை மட்டும் காணும் துறையில் எவரும் எதையும் கற்க இயலாது. ஆயின் இத்துறையின் தாயெனப் போற்றப்படும் ஹெலன் டௌசிக் அறுவைக் கத்தி ஏந்தியவர் அல்லர். அந்நாளம் திறந்திருக்கும்வரை நலமாயிருந்த நீலக் குழந்தைகள், அது மூடியதும் நலிவதை அவர் பல்லாண்டு கவனித்தார். அக்கவனிப்பிலிருந்தே, ஆல்ஃபிரட் பிளாலாக்கும் விவியன் தாமஸும் துணைநிற்க, 1944இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்த புகழ்பெற்ற அறுவை பிறந்தது. நோயாளியைப் பின்தொடர்ந்ததன் கொடை அது.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. நள்ளிரவில் வரும் குழந்தையின் எக்கோவை முதலில் பார்ப்பவர் பயிற்சி மருத்துவரா, அல்லது அவர் பின்னின்று வேடிக்கை பார்ப்பவரா? இறப்புகள் அத்துறையில் வெளிப்படையாக விவாதிக்கப்படுகின்றனவா? சென்ற ஆண்டு அறுவை முடிந்து வீடு திரும்பிய குழந்தையை இவ்வாண்டு அவர் மீண்டும் காண்கிறாரா? அறுவைக்கு ஏற்கப்படாத குழந்தைகளின் கணக்கு எங்கே? அங்கே பயின்று சென்றோர் இன்று எவ்வூர்களில் பணிபுரிகின்றனர்?

ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகள் இதயக் குறையோடு பிறக்கின்றனர். “எத்தனை?” என்று கேட்பவருக்கு எந்தத் துறையும் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். “அவர்கள் என்ன ஆனார்கள்?” என்ற கேள்விக்கு ஏடு எடுத்துக் காட்ட இயலாத துறை, தரவரிசையில் எவ்விடத்தில் நின்றாலும், ஒரு மருத்துவர் தம் வாழ்வின் மூன்றாண்டுகளை ஒப்படைக்கத் தக்கதன்று.