எழுபது குறிகளுக்குள் ஒரு மொழி

இந்திய மொழிகளை ரோமன் எழுத்தில் தட்டச்சிடும் வழக்கத்தைக் கண்டதும் மொழிப்பற்றாளர் பலர் இளைஞரின் சோம்பலைப் பழிக்கின்றனர். பழி சேரவேண்டிய இடம் வேறு.

குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஏழு பிட் போதும். ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். இடையே ஒரு தேவநாகரி எழுத்தோ தமிழ் எழுத்தோ புகுந்தால் பொதுவாகச் செய்தி முழுவதும் 16 பிட் முறைக்கு மாறிவிடும். 70 குறிகளோடு இடம் தீரும். அந்த எழுபதும் எழுத்துகள் அல்ல. ‘தமிழ்’ இலக்கணக் கணக்கில் மூன்றெழுத்து, ஒருங்குறியில் ஐந்து குறி. ‘ஹிந்தி’ ஈரசைச் சொல். தேவநாகரியில் அதற்கு ஆறு குறி. தாய்மொழியில் எழுதியவர் ஒரு செய்தியை இரண்டு மூன்றாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் செலுத்த நேர்ந்தது. காசை எண்ணிச் செலவிட்ட மாணவர் ரோமனுக்குப் போனதில் வியப்பென்ன? (பல கைப்பேசிகளில் இந்திய எழுத்துகள் வெறுங்கட்டங்களாகத் தெரிந்தது தனிக்கதை.)

22 அட்டவணை மொழிகளையும் கைப்பேசியில் படிக்க இயலவேண்டும் என்னும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலை 2016இல்தான் வந்தது. அதற்குள் வாட்ஸ்ஆப் கட்டணத் தடையை நீக்கியிருந்தது. விரல்களின் பழக்கம் நீங்கவில்லை.

இப்போது இந்திய மொழித் தரவு போதவில்லை என்னும் குறை ஆய்வரங்குகளில் ஒலிக்கிறது. ரோமன் வடிவில் மக்கள் அன்றாடம் எழுதிக் குவிப்பதை அழுக்கென்று வடிகட்டிவிட்டு இவ்வாறு குறைப்படுவது முறையன்று. ழகரத்தை ஒருவரே எத்தனை விதமாக எழுதுகிறார், நெடிலை எங்கே காட்டுகிறார், எங்கே விடுகிறார் என்பனவெல்லாம் ஒலியனியல் மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டிய சான்றுகள்.