நடக்கிறவனுக்கும் ஒரு பட்டா உண்டு

நேற்று ராத்திரி பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன், இப்போது இங்கிலாந்தில் வேலையில் இருக்கிறான். அங்கே பென்னைன் வே என்ற நெடும்பாதையில் ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறான். கல்மதில், மதிலைத் தாண்ட மரப்படி, அந்தப் பக்கம் ஆட்டு மந்தை. "சார், நம்ம ஊர்ல இப்படி நடக்க ஒரு இடம் உண்டா?" என்று கீழே கேட்டிருந்தான்.

வந்து விழுந்த பதில்களில் பாதி, "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்" என்றது. மீதி, "நாம இதை எப்பவோ செஞ்சாச்சு, சிவாலய ஓட்டம் தெரியாதாலே?" என்றது. இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. குழுவில் எழுதினால் நீளும். அதனால் இங்கே எழுதுகிறேன், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

முதல் கட்சிக்கு. அந்தப் பாதையை வெள்ளைக்காரத் துரைமார் தானமாகக் கொடுக்கவில்லை. அந்த மலைகள் பிரபுக்களின் வேட்டைக்காடாக இருந்தன. மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகள், வாரம் முழுக்கப் புகையைத் தின்றவர்கள், ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போனால் காவலாட்கள் விரட்டினார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி ஏறினார்கள். பென்னி ராத்மன் என்கிற இளைஞர் உட்பட ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1935-ல் டாம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகைக்காரர் இப்படி ஒரு நெடும்பாதை வேண்டும் என்று எழுதினார். சட்டம் வந்தது 1949-ல். பாதை திறந்தது 1965-ல், அதே ஏப்ரல் 24 அன்று. எழுதியதற்கும் திறந்ததற்கும் நடுவே முப்பது வருஷம். இன்று அது சுமார் 430 கிலோமீட்டர். தனியார் வயல் வழியாகவும் போகிறது. நிலத்துக்காரர் வேலி போடலாம், வழியை மறிக்க முடியாது. அந்த மரப்படியின் அர்த்தம் அதுதான் மக்கா, அழகுக்கு வைத்ததல்ல.

நமக்கும் அப்படி ஒரு சரித்திரம் உண்டு. தூரத்தில் தேட வேண்டாம், சுசீந்திரத்தில் உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க எல்லாச் சாதிக்காரருக்கும் உரிமை வேண்டும் என்று 1926-லும் 1930-லும் சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். அதற்கு முன் 1924-ல் வைக்கம். 1936 நவம்பர் 12-ல்தான் கோயில் நுழைவுப் பிரகடனம். கிண்டர் ஸ்கவுட்டில் தொழிலாளி மலையில் நடக்க அடிபட்ட அதே காலத்தில், நம் பாட்டன்மார் தெருவில் நடக்க அடிபட்டார்கள். அவன் அந்த வெற்றியைப் பாதையாக்கி, வரைபடத்தில் ஏற்றி, பலகை நட்டு வைத்திருக்கிறான். நாம் பாடப்புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாக்கி வைத்திருக்கிறோம். (நானும் அந்தக் கேள்வியைப் போட்டவன்தான்.)

இனி இரண்டாம் கட்சி. சிவாலய ஓட்டம் நான் இரண்டு தடவை போனவன். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் பனையோலை விசிறி, வாயில் கோவிந்தா கோபாலா. சிவனைப் பார்க்க விஷ்ணு பெயரைச் சொல்லி ஓடுவது நம் ஜில்லாவுக்கே உரிய குசும்பு. வழியெல்லாம் மோரும் பானகமும் கஞ்சியும் கொடுக்கிறவர்கள் பெயர் கேட்பதில்லை. உலகத்தில் எந்த நெடும்பாதைக்கும் இது குறைந்ததல்ல.

ஆனால் பாதை எங்கே? முதல் தடவை நான் போனபோது பாதி தூரம் வரப்பு, ரப்பர் தோட்டத்து ஒற்றையடி, குளத்துக்கரை, இடவழி. இரண்டாம் தடவை முக்கால்வாசி தார் ரோடு. மாசி வெயிலில் தாரில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். பக்கத்தில் பைக்கும் வேனும் ஹாரன் அடித்துக்கொண்டு அதே பன்னிரண்டு கோயிலை அரை நாளில் முடிக்கின்றன. வயசானவர்களும் முடியாதவர்களும் வண்டியில் போகட்டும், நான் குறை சொல்லவில்லை. இருபது வயசுக்காரன் பைக்கில் போய்விட்டு, "நம்ம பாரம்பரியம்" என்று ஸ்டேட்டஸ் வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாரம்பரியம் நடையில் அல்லவா இருக்கிறது.

அந்தக் கதையிலேயே ஒரு எல்லை வழக்கு உண்டு. புருஷாமிருகம் பீமனைப் பிடிக்கும்போது அவனுக்கு ஒரு கால் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. தருமர் தம்பி என்று பார்க்கவில்லை, பாதி உடம்பு மிருகத்துக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். இப்போது நம் ஊரில் எல்லைத் தகராறு வந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காம்பவுண்டுச் சுவர் யாருடையதோ அவருக்கு முழு உடம்பும்.

ராஜாக்கமங்கலம் துறையில் இருந்து மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் தென்னந்தோப்பு வழியாக ஊருக்குள் வருவார்கள். என் பிள்ளைகள் (பள்ளிப் பிள்ளைகளைச் சொல்கிறேன்) வயல் வரப்பில் வந்து, வாசலில் காலைக் கழுவிவிட்டு வகுப்புக்குள் வருவார்கள். நான் தினம் நடந்த குளத்தங்கரை வழியில் ஒருநாள் சுவர் எழுந்தது. மனு எழுதி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "சார், உங்களுக்குத்தான் ரோடு இருக்கே?" என்றார் அங்கே இருந்தவர். ரோடு இருக்கிறது. லாரியும் இருக்கிறது. இப்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ரோட்டின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே, சல்லிக்கல்லில், வரிசையாகப் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் மக்கள் 20 வருஷம் தடையில்லாமல் நடந்த வழி பொதுவழியாகக் கொள்ளப்படும். நம் நாட்டில் 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்திலும் அதே 20 வருஷக் கணக்கு உண்டு. ஆனால் இங்கே அதை வைத்துக் கேஸ் நடத்துவது தன் விளைக்குப் போக வழி கேட்கிற பக்கத்து நிலத்துக்காரர்தான். ஊர் நடக்கிற வழிக்காக யார் வக்கீல் வைப்பார்? அங்கே அந்தந்தக் கவுண்டி நிர்வாகம் நடைவழிகளையெல்லாம் வரைபடமாக வைத்திருக்க வேண்டும், மறித்தால் அதுதான் கேட்க வேண்டும். இங்கே ரெவின்யூ வரைபடத்தில் புள்ளிக்கோடாகக் கிடக்கிற பாதை, பிளாட் போடும்போது சத்தமில்லாமல் கரைந்து போகிறது. நாமும் அந்தப் பிளாட்டைத்தான் வாங்கி, "ரோடு எத்தனை அடி, கார் திரும்புமா" என்று கேட்கிறோம். நடந்து வருகிறவனை, பெட்ரோலுக்குக் காசில்லாதவன் என்று பார்க்கிற புத்தி நமக்கு வந்து ரொம்ப நாளாகிவிட்டது.

அதனால் தம்பி, உன் கேள்விக்குப் பதில்: இடம் உண்டு, பாதி பறிபோய்விட்டது, மீதியை எழுதி வைக்க ஆளில்லை.

நவம்பர் 1 கிராம சபைக்கு நான் போகிறேன். 1956-ல் நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் அது. நம் ஊராட்சியில் உள்ள நடைவழிகளைப் பட்டியல் எடுக்க வேண்டும், சிவாலயங்களுக்கு நடுவே உள்ள பழைய நடைபாதைகளை அளந்து கல் நட வேண்டும் என்று இரண்டு தீர்மானம் கேட்கப் போகிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டில் இருக்கிற பழைய ஆதாரத்தை எடுத்து நாலெல்லை எழுதியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். "வடக்கே நடைபாதை" என்றோ "கிழக்கே வழி" என்றோ ஒரு வார்த்தை இருந்தால் நகல் எடுத்துக் கொண்டு வாருங்கள். அது உங்கள் வேலிக்கு உள்ளே போன வழியாக இருந்தாலும் கொண்டு வாருங்கள்.