மின்சாரத்துக்காக வேண்டாம், கொரட்டூர் ஏரிக்காக வேண்டும்

மழை பெய்தால் ஏரிக்குத் தண்ணீர் வரும். சென்னையின் கொரட்டூர் ஏரிக்கோ மழையில்லாத நாளிலும் கருத்த நீர் வந்து சேர்ந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்து வீட்டுக் கழிவும், 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கழிவும் மழைநீர்க் கால்வாய்களில் கலந்ததன் விளைவு அது. இதைத் தடுக்கக் கோரி, ஏரிக்கரை மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போகவேண்டியதாயிற்று.

இந்தப் பேட்டைக்கு நுண்ணுயிர் எரிபொருள் கலம் வரவேண்டும் என்று வலியுறுத்துகிறோம். கழிவைத் தின்னும் சிலவகை பாக்டீரியாக்கள் எலக்ட்ரான்களை வெளியே தள்ளுகின்றன. அவற்றைக் கரி மின்முனையில் பிடித்துக் கம்பி வழியே மறுமுனைக்கு அனுப்பினால் மின்சாரம். இங்கிலாந்தில் விஞ்ஞானி எம்.சி.பாட்டர் 1911-லேயே இதைக் காட்டிவிட்டார். ஆனால் ஒரு கலம் தருவது அரை வோல்ட் அளவுதான். "சாக்கடையிலிருந்து மின்சாரம்" என்று விளம்பரம் செய்து இதைக் கொண்டுவந்தால் ஒரே ஆண்டில் ஏமாற்றம் மிஞ்சும். தண்ணீர் எவ்வளவு சுத்தமாகிறது என்பதே கணக்காக இருக்கட்டும்.

பேட்டையிலுள்ள குரோம் பிளேட்டிங் பட்டறையின் அலசு நீரைப் பாருங்கள். மஞ்சளாக, அமிலமாக இருக்கும். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் நச்சு. நீர்நிலையில் விட லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் வரம்பு. இன்று சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் கொட்டி நச்சைத் தணித்து, சுண்ணாம்பு சேர்த்துப் படியவைத்து, கசடை அபாயக் கழிவாக அனுப்பவேண்டும். ஒவ்வொரு படிக்கும் காசு. செலவு ஏற ஏற, ராத்திரியில் கால்வாயில் திறந்துவிடும் ஆசையும் ஏறும். இதற்குப் பதிலாக, கலத்தில் ஒரு பக்கம் சாக்கடை நீரைத் தின்னும் பாக்டீரியா. மறுபக்கம் இந்த மஞ்சள் நீர். பாக்டீரியா பக்கத்திலிருந்து வரும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு குரோமியம் நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவுக்கு மாறுகிறது. மெட்டாபைசல்பைட் தேவையில்லை. அமில நீரில்தான் இது விரைந்து நடக்கும் என்பது இன்னொரு வசதி. பேட்டையின் இரண்டு கழிவுகளும் ஒன்றையொன்று திருத்துகின்றன!

குறைகள் உண்டு, மறைக்கவேண்டியதில்லை. படியும் குரோமியம் மின்முனையை மூடிவிடும், இரு பக்கத்தையும் பிரிக்கும் சவ்வு அடைத்துக்கொள்ளும், ஆய்வகத்துச் சின்னக் கலத்தைப் பெரிதாக்கினால் திறன் சரியும். ஆய்வகத்திலேயே வைத்திருந்தால் இவை ஒருநாளும் தீரா. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஐ.ஐ.டி. கரக்பூரிலும் இத்துறையில் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். பட்டறையின் நிஜக் கழிவுநீரை அவர்கள் கையில் கொடுப்போம்.

இதைக் காட்டிப் பழைய கடமையைத் தள்ளிப்போட விடக்கூடாது. கால்வாயில் திருட்டுத்தனமாகச் செருகிய குழாயை அடைக்க எந்த பாக்டீரியாவும் வராது. மாநகராட்சியும் குடிநீர் வாரியமும்தான் வரவேண்டும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயன ஆலையை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும், அது விட்டுப்போன லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. மண்ணில் இறங்கியபின் எடுப்பது எவ்வளவு பாடு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே பேட்டையை நடத்தும் சிட்கோவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் விருப்பமுள்ள சில பிளேட்டிங் பட்டறைகளைச் சேர்த்து, பேட்டைக்குள்ளேயே ஒரு சோதனை நிலையம் அமைக்கவேண்டும். செலவைச் சிறு பட்டறைக்காரர் தலையில் கட்டாமல் அரசே ஏற்கட்டும். இரண்டு பருவமழைக் காலம் ஓட்டிப் பார்த்து, உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் உள்ள குரோமிய அளவை மாதாமாதம் பேட்டை வாசலிலேயே எழுதிப்போடட்டும்.